மழையை வையாதீர்கள்!

ஐப்பசி பிறந்தாயிற்று. காலையில் கொடியில் போட்ட புடவை மாலை வரையில் காய்ந்தபாடில்லை. கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரையில் கயிறு கட்டி, குழந்தைகளின் பள்ளிக்கூட உடுப்புகளை மின்விசிறிக் காற்றில் உலர்த்திக்கொண்டிருக்கிறோம். ஜாடியில் உப்பு கசிகிறது. தீப்பெட்டி நமத்துப் போய்விட்டது. வாசலில் போட்ட கோலம், போட்டு நிமிர்வதற்குள் கரைந்து ஓடுகிறது. இவ்வளவும் போதாதென்று, ஆபீஸிலிருந்து திரும்பியவர் ஈரச் செருப்போடு நேரே சமையலறை வாசல் வரையில் வந்து நின்று, "சூடாக ஒரு காப்பி!" என்கிறார். "இந்தப் பாழாய்ப்போன மழை எப்போதுதான் விடுமோ?" என்று நம்மை அறியாமலே வாயில் வந்துவிடுகிறது.

நானும் போன வாரம் அப்படித்தான் சொன்னேன், சகோதரிகளே! சொன்னது தப்பு என்று எனக்கு எடுத்துச் சொன்னவள் எங்கள் வீட்டுக்குக் கீரை கொண்டு வருகிற அம்மாள்.

மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு அன்றுதான் அவள் வந்திருந்தாள். வழக்கமாகக் கூடையில் முப்பது நாற்பது கட்டு இருக்கும். அன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு கட்டுக்கு மேல் இல்லை. அதுவும் சேறு தெறித்த சிறுகீரை. விலையைக் கேட்டேன். கட்டுக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகச் சொன்னாள்.

"ஏம்மா, மழை பெய்யவில்லை என்றாலும் விலையை ஏற்றுகிறாய், பெய்தாலும் ஏற்றுகிறாய். இது எந்த ஊர் நியாயம்? பாழாய்ப்போன மழையால் எல்லாருக்கும் நஷ்டம், உனக்கு மட்டும் லாபமா?" என்றேன்.

அவள் கூடையை இறக்கி வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மழை எங்களுக்கு நல்லதுதாம்மா. வெதைக்கிறதுக்கு முன்னாடி வந்தா லாபம், பறிக்கிற அன்னிக்கு வந்தா நஷ்டம். இந்த மூணு நாள்ல எனக்கு ரெண்டு பாத்தி கீரை அழுகிப் போச்சு. ஆனா கெணத்துல நாலு அடி ஏறியிருக்கு. பாத்தி போனது இந்த வாரத்துக் கஷ்டம். கெணறு ஏறினது சித்திரை வரைக்கும் சோறு. வெலையைக் கொறைச்சுக் கேளுங்க, தப்பில்லே. மழையை மட்டும் வையாதீங்கம்மா!"

எனக்குச் சுருக்கென்றது. பேரம் பேசாமல் இரண்டு கட்டு வாங்கிக்கொண்டேன். அன்று முழுவதும் அவள் சொன்னதே மனசில் சுற்றிச் சுற்றி வந்தது. அதைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள உட்கார்ந்திருக்கிறேன்.

அவளுக்கு இருப்பது நாற்பது சென்ட் நிலம். சொந்த நிலம் அல்ல, குத்தகை. செங்கல்பட்டுப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிறது. "நாற்பது சென்ட்டெல்லாம் ஒரு நிலமா?" என்று நினைத்துவிடாதீர்கள். 2015-16-ம் வருஷத்து வேளாண் கணக்கெடுப்பின்படி, நம் தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பண்ணைகள் ஐந்து ஏக்கருக்கு உட்பட்டவைதாம். சராசரி அளவு இரண்டு ஏக்கர்கூடக் கிடையாது. நம் தட்டில் விழுகிற கீரையும் கத்தரிக்காயும் வெண்டைக்காயும், நம் தலையில் ஏறுகிற மல்லிகையும் பெரும்பாலும் இப்படிப்பட்ட துண்டு நிலங்களிலிருந்துதான் வருகின்றன.

இந்தச் சின்ன நிலத்துக்கு ஒரு மழை என்ன கொண்டு வருகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போமா? பயப்படாதீர்கள், பால் கணக்கைவிட இது சுலபம்.

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். இவ்வளவுதான் சூத்திரம். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆகவே 25 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஓர் அங்குல மழை பெய்தால் ஓர் ஏக்கரில் விழுவது ஒரு லட்சம் லிட்டர். நம் தெருவுக்கு வருகிற தண்ணீர் லாரி 10,000 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், பத்து லாரித் தண்ணீர்! கீரைக்கார அம்மாளின் நாற்பது சென்ட்டுக்கு நான்கு லாரி. ஓர் இரவில் வந்து இறங்குகிறது. டிரைவருக்குப் போன் செய்ய வேண்டியதில்லை. "இன்றைக்கு வருமா, நாளைக்கு வருமா" என்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. பணமும் கொடுக்க வேண்டியதில்லை.

"அது சரி, கிணற்றிலே மோட்டார் இருக்கிறதே, அதிலிருந்து இறைத்துப் பாய்ச்சினால் அதுவும் தண்ணீர்தானே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் சமாசாரம் இருக்கிறது. குழாய்த் தண்ணீர் ஊற்றுகிற வீட்டுச் செடி, ஒரு மழைக்குப் பிறகு திடீரென்று பச்சைப் பசேலென்று சிரிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் உப்புகள் கரைந்திருக்கின்றன. நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புத்தான். நீர் ஆவியாகிப் போனபிறகு அது மண்ணிலேயே தங்கிவிடுகிறது. நாளுக்கு நாள் வேரைச் சுற்றிச் சேர்ந்துகொண்டே போகிறது. கோடை முழுதும் கிணற்று நீரே பாய்ந்த நிலத்தில், வரப்போரம் வெள்ளை பூத்திருப்பதைக் காணலாம். மழை நீரிலோ உப்பு இல்லை என்றே சொல்லலாம். அது வந்து, வேரைச் சூழ்ந்த உப்பைக் கரைத்துக் கீழே தள்ளிவிடுகிறது. செடிக்கு ஒரு நல்ல எண்ணெய் ஸ்நானம் ஆனமாதிரி!

இன்னொன்றும் உண்டு. மழைத்துளி வானத்திலிருந்து இறங்கும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு வருகிறது. அதனால் அந்த நீரில் லேசான புளிப்புத் தன்மை இருக்கும். மண்ணிலுள்ள சில சத்துக்கள் வேருக்குக் கிடைப்பதற்கு அது உதவியாக இருக்கிறது. இடி மின்னலினால் உண்டாகிற தழைச்சத்தும் மழையோடு இறங்குகிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அளவில் கொஞ்சம். அதை நம்பி எருவை நிறுத்திவிட முடியாது. அதைவிடப் பெரிய காரியம் மண்ணுக்குள்ளேயே நடக்கிறது. காய்ந்து கிடந்த மண் நனைந்ததும், அதிலே உறங்கிக்கொண்டிருந்த கோடானுகோடி நுண்ணுயிர்கள் விழித்துக்கொள்கின்றன. மக்கிய இலை தழைகளில் பூட்டிக் கிடந்த சத்தைப் பிரித்துப் பயிருக்குக் கொடுக்கின்றன. முதல் மழையில் எழும் மண்வாசனை இருக்கிறதே, அதிலே பெரும் பங்கு இந்த நுண்ணுயிர்களின் கைங்கரியம்தான்.

இலைக்கும் நன்மை உண்டு. ரோட்டோரத் தோட்டங்களில் இலைகளின் மேல் புழுதி அப்பிக் கிடக்கும். வெயில் காலத்தில் அசுவினியும் செஞ்சிலந்தியும் இலையின் அடிப்புறத்தில் குடித்தனம் நடத்தும். ஒரு நல்ல மழை இரண்டையும் கழுவித் தள்ளிவிடுகிறது. மருந்தடிக்கிற செலவு அந்த வாரத்துக்கு மிச்சம். வாங்கிச் சாப்பிடுகிற நமக்கும் அது மிச்சந்தானே?

இவ்வளவு நல்ல மழை வருஷம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும்! ஆனால் நம் பக்கத்து மழைக்கு அந்த வழக்கம் இல்லை. ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து வருகிற பருவக்காற்று தன் செல்வத்தில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்திலேயே கொட்டிவிடுகிறது. மலை தாண்டி வருவதற்குள் கை இளைத்துப் போகிறது. நமக்கு உரிய பெருமழை வங்காள விரிகுடாவின் மேல் வீசும் வடகிழக்குக் காற்றோடு ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. தமிழ்நாட்டுக்கு வருஷத்தில் சராசரியாகக் கிடைக்கும் சுமார் 920 மில்லிமீட்டரில், ஏறக்குறைய பாதி இந்த அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான். அதிலும் ஒரு புயல் வந்தால் நான்கே நாளில் ஒரு மாதத்து மழை கொட்டித் தீர்த்துவிடும். வராவிட்டால் வானம் பார்த்த கண் பூத்துவிடும்.

மாதச் சம்பளம் ஒன்றாம் தேதியே மொத்தமாகக் கைக்கு வந்தால் கெட்டிக்கார இல்லத்தரசி என்ன செய்கிறாள்? அரிசிக்கு இவ்வளவு, பாலுக்கு இவ்வளவு, அவசரத்துக்கு இவ்வளவு என்று தனித்தனியாக எடுத்து வைக்கிறாள் அல்லவா? நம் முன்னோர்கள் மழை விஷயத்தில் அதைத்தான் செய்தார்கள். அவர்கள் போட்ட உண்டியலுக்குத்தான் ஏரி என்று பெயர். தெற்கே போனால் கண்மாய் என்பார்கள். தமிழ்நாட்டில் சிறியதும் பெரியதுமாக ஏறக்குறைய 40,000 ஏரிகள் உண்டு. செங்கல்பட்டுப் பகுதியை ஏரிகளின் ஜில்லா என்றே சொல்வது வழக்கம்.

ஏரி என்றால் வெறும் பள்ளம் அல்ல. சரிவான நிலத்தில் பிறைச்சந்திரன் மாதிரி வளைத்துக் கரை போட்டிருப்பார்கள். வயலுக்கு நீர் விட மதகு. மிஞ்சின நீர் கரையை உடைக்காமல் வழிந்து போகக் கலங்கல். மேல் ஏரியின் கலங்கலில் வழிந்த நீர் கீழ் ஏரிக்குப் போகும். அதில் மிஞ்சினது அதற்கும் கீழே. பந்தியில் பரிமாறுகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக! எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு விடுவது என்று பார்ப்பதற்கு நீர்க்கட்டி என்று ஊரில் ஓர் ஆள் இருப்பார். கோடையில் வற்றிய ஏரியின் வண்டலை வெட்டி வண்டியில் கொண்டுபோய் வயலில் கொட்டுவார்கள். ஏரியும் ஆழமாகும், வயலுக்கும் உரம்.

அந்த நீரைக் கொண்டு சம்பா விளையும். சம்பா அறுத்தபின் ஏரியில் நீர் மிஞ்சியிருந்தால் நவரைப் பட்டத்துக்கு நாற்று விடுவார்கள். இன்னும் கிணற்றில் ஊற்று இருந்தால் சித்திரையில் சொர்ணவாரி. ஆக, ஐப்பசியில் பெய்கிற மழைதான் தையில் பொங்கல் பானையில் பொங்குகிறது. சித்திரையில் மீண்டும் விதையாகிறது.

ஏரியின் பெரிய உபகாரம் கண்ணுக்குத் தெரியாதது. நீர் நிற்கும்போது அது மெள்ள மெள்ள மண்ணுக்குள் இறங்கி, கரைக்குக் கீழேயுள்ள கிணறுகளில் போய் ஊறுகிறது. கீரைக்கார அம்மாளின் கிணறு நாலு அடி ஏறியதன் ரகசியம் அதுதான். அவளுடைய நாற்பது சென்ட்டில் விழுந்த நான்கு லாரி மழையால் மட்டும் கிணறு அப்படி ஏறிவிடாது. ஊர் ஏரியில் சேர்ந்த நீர் அவளுக்குக் கிணற்று வழியாகப் பங்கு கொடுக்கிறது. மதகு திறந்தால் முதலில் பாய்வது நெல் வயலுக்கு. குத்தகைக்காரக் கீரைப் பாத்திக்கு அதில் பாத்தியதை ஏது? ஆனால் ஊற்றுக்கு அந்தப் பேதம் தெரியாது.

சரி, மழை வராவிட்டால்? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2018-ம் வருஷத்து ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக்கு வரவேண்டிய மழையில் சுமார் பாதிதான் வந்தது. அதன் பலன் 2019 கோடையில் தெரிந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டுவிட்டன. ஏரிக்குள் மண் பாளம் பாளமாக வெடித்திருந்ததைப் படமாகப் பார்த்தோம். ஜூலை மாதத்தில், 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 50 வாகன்கள், 25 லட்சம் லிட்டர். வீட்டுக்கு விருந்தாளி வருகிறேன் என்றால்கூட, "தண்ணீர் நிலைமை தெரியுமல்லவா?" என்று நாம் தயங்கின காலம் அது.

எங்கள் வீட்டிலும் லாரித் தண்ணீர்தான் வாங்கினோம். கேட்ட பணத்தைக் கொடுத்தோம். லாரி வந்ததே தெய்வம் வந்த மாதிரி இருந்தது. அந்த நான்கைந்து மாதங்களும் கீரைக்கார அம்மாள் வரவேயில்லை. "ஊரில் ஏதாவது விசேஷமோ, உடம்பு சரியில்லையோ" என்று ஒருதரம் நினைத்துக்கொண்டதோடு சரி. அந்த வருஷம் ஆவணி, புரட்டாசியில் மழை தலைகாட்டிற்று. கார்த்திகையில் ஒருநாள் கூடையோடு வந்து நின்றாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"எங்கேம்மா போயிருந்தாய் இத்தனை நாள்?" என்றேன்.

"எங்கே போறதும்மா? கெணறு வத்திப் போச்சு. பக்கத்து நெலத்துக்காரரு போர் போட்டு ராவும் பகலும் லாரிக்கு விட்டாரு. அவரைச் சொல்லியும் குத்தமில்லே. பயிர் வெச்சா நஷ்டம், தண்ணி வித்தா காசு. நான் நூறு நாள் வேலைக்குப் போனேன். ஒங்க தெருவுக்குக்கூட எங்க ஊர்ப் பக்கத்து லாரி வந்துச்சாமே?"

அவள் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் பதில் வரவில்லை. நான் பணம் கொடுத்து வாங்கினேன், திருடவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் லாரித் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று ஒருநாளாவது நான் கேட்டதுண்டா? கீரை வாங்கும்போது, "பூச்சி இல்லையே? நேற்றுப் பறித்ததில்லையே?" என்று நூறு கேள்வி கேட்கிற நான், தண்ணீருக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அன்றைக்கு என் வீட்டுத் தொட்டியில் நிறைந்தது, போன வருஷங்களில் எந்த ஊரிலோ பெய்த மழை. யாருடைய கிணற்றுக்கோ உரிய மழை. நகரத்தில் மழை தவறினால் நமக்கு அசௌகரியம். நாம் அதை ஈடுகட்டுவதற்குக் கிராமத்து நீரை எடுத்தால், அங்கே ஒரு குடும்பத்துக்கு ஜீவனமே போகிறது.

நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் ஒரு பாடம் இருக்கிறது. கடற்கரை ஓரத்தில் நிலத்தடியில் நல்ல நீரும் கடல் நீரும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும். மழை இறங்கி நல்ல நீரின் கை ஓங்கியிருக்கும் வரையில் கடல் தன் எல்லையில் நிற்கும். மேலே மோட்டார் வைத்து உறிஞ்சிக்கொண்டே போனால் நல்ல நீர் இளைக்கிறது. கடல் நிலத்தடியிலேயே உள்ளே வந்துவிடுகிறது. மீஞ்சூர் வட்டாரத்தில் பல வருஷங்களாக நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் வயல்களுக்கும் இறைத்ததில், கடலோரத்திலிருந்து பல கிலோமீட்டர் தூரம் கிணறுகள் உப்புக் கரித்துப் போயின. உப்பு ஏறின கிணற்றைத் திரும்ப நல்லதாக்குவது லேசான காரியமல்ல. அதற்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: இறைப்பதைக் குறைத்து, மழையை நிலத்துக்குள் இறங்கவிடுவது.

ஏரியும் கிணறும் உள்ளவர்கள் பாடு இப்படியென்றால், இரண்டுமே இல்லாத மானாவாரிக்காரர்களை நினைத்துப் பாருங்கள். ராமநாதபுரம் ஜில்லாவில் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி நேரடியாக நிலத்தில் மிளகாய் விதைக்கிறார்கள். நம் வீட்டுச் சாம்பாருக்குத் தாளிக்கிற உருண்டையான முண்டு மிளகாய் அந்த மண்ணின் செல்வம். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. விதைத்தபின் ஒரு மழை, செடி பிடித்தபின் ஒரு மழை, பூக்கும் தருவாயில் ஈரம்: இவ்வளவும் முறைப்படி வந்தால் மாசி, பங்குனியில் களமெல்லாம் சிவப்புக் கம்பளம் விரித்தாற்போல் மிளகாய் காயும். இதிலே ஒன்று தப்பினாலும் போயிற்று. தப்பாமல் பெய்தபின், காயவைக்கிற சமயத்தில் வந்து நனைத்தாலும் போயிற்று.

ஆகவே மழை என்றால் எல்லா மழையும் ஒன்றல்ல. உழவர்கள் மில்லிமீட்டர் கணக்குப் பார்ப்பதில்லை. "ஓர் உழவு மழை", "இரண்டு உழவு மழை" என்பார்கள். ஏர் ஓட்டுகிற அளவுக்கு மண் நனைந்தால்தான் அது அவர்களுக்கு மழை. சடசடவென்று அரைமணி நேரம் அடித்து ஓய்கிற மழை, மேல்மண்ணை அரித்துக்கொண்டு வாய்க்காலோடு போய்விடும். கீரை விதையோ கடுகிலும் சிறிது. தூவுவதற்கே மணலோடு கலந்துதான் தூவுவார்கள். விதைத்த மறுநாள் அடிமழை வந்தால் விதை ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துவிடும். மழை தொடர்ந்து நின்றாலோ வேர் அழுகும். இலையில் வெள்ளைத் துரு விழும். 2021 ஜனவரியில் அறுவடைக்குத் தயாராக நின்ற டெல்டாச் சம்பாப் பயிரைப் பருவம் தப்பிப் பெய்த மழை சாய்த்துவிட்டது. அதற்கு நேர்மாறு 2016. அந்த வருஷத்து வடகிழக்குப் பருவமழை வழக்கத்தில் பாதிகூட வராமல், 2017 ஜனவரியில் மாநிலமே வறட்சியால் பாதிக்கப்பட்டதாக அறிவிக்க நேர்ந்தது. கூடினாலும் குறைந்தாலும் முதலில் அடிபடுகிறவர் சின்ன நிலக்காரர். பெரிய பண்ணைக்காரருக்கு ஒரு பருவம் போனால் அடுத்த பருவம். நாற்பது சென்ட்டுக்காரிக்கு ஒரு பருவம் போனால் காதில் கிடக்கிற தோடு போகும்.

இதற்கெல்லாம் நாம் என்ன செய்ய முடியும் என்கிறீர்களா? மழையை வரவழைக்க நம்மால் ஆகாது. வந்த மழையை மரியாதையாக நடத்த முடியும்.

முதலில் உங்கள் வீட்டு மாடி. 600 சதுர அடி மொட்டைமாடியில் ஓர் அங்குல மழை பெய்தால் 1,400 லிட்டர். குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்றால் தொண்ணூற்று மூன்று குடம்! சென்னையில் வருஷத்துக்குச் சராசரி 1,400 மில்லிமீட்டர் மழை உண்டு. சேதாரம் போக 60,000 லிட்டராவது உங்கள் வீட்டுக் கூரையிலிருந்தே பூமிக்குள் இறங்கக்கூடும். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு வேண்டும் என்று 2003-லேயே சட்டம் செய்துவிட்டார்கள். அதன்பிறகு பல இடங்களில் நிலத்தடி நீர் ஏறவும் செய்தது. ஆனால் அன்றைக்குக் கட்டின குழியை அதன்பிறகு யார் திறந்து பார்த்தார்கள்? பல வீடுகளில் குழாய் ஒரு பக்கம், குழி ஒரு பக்கம்! இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். மாடியைப் பெருக்கி, நீர்ப்போக்கியை அடைத்திருக்கிற சருகை எடுங்கள். குழியின் மூடியைத் திறந்து, மேலே படிந்திருக்கும் சேற்றை அகற்றுங்கள். சரளையும் மணலும் அடைத்துப்போயிருந்தால் அலசிப் போடுங்கள், அல்லது புதிதாக மாற்றுங்கள். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டுவிட்டு, அப்புறம் குழிக்குத் திருப்புங்கள். உங்கள் கிணற்றில் ஊறுகிற ஒவ்வொரு குடமும், கோடையில் எங்கோ ஒரு கீரைப் பாத்தியின் கிணற்றிலிருந்து நீங்கள் எடுக்காத குடம்.

இரண்டாவது, ஏரியை ஏரியாக இருக்கவிடுவது. "ஏரி பார்த்த வீடு" என்று விளம்பரம் வந்தால், அது ஏரியைப் பார்த்த வீடா, ஏரியிலேயே இருக்கிற வீடா என்று விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். நீர் வருகிற கால்வாயை மண்போட்டு மூடினால் கீழே உள்ள வயலுக்கு நீர் இல்லை. மேலே உள்ள வீட்டுக்கு வெள்ளம். 2015 டிசம்பரில் நாம் அதைக் கண்ணால் கண்டவர்கள்.

மூன்றாவது, நம் சமையலறை. மழைக் காலத்தில் கீரை கிடைப்பது குறையும். கிடைத்தாலும் சேறாக இருக்கும். அதற்காகக் கீரையையே ஒதுக்கிவிடாதீர்கள். வேரை நறுக்கிவிட்டு, அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, கீரையை அமிழ்த்தி இரண்டு நிமிஷம் வையுங்கள். மண் அடியில் தங்கும். கீரையைக் கையால் மேலே அள்ளி எடுங்கள். நீரோடு சேர்த்துக் கவிழ்த்தால் மண் மறுபடியும் கீரைமேல்தான் விழும். இப்படி மூன்று முறை. அந்தக் கழுவின நீர் கறிவேப்பிலைச் செடிக்கு. முளைக்கீரையும் சிறுகீரையும் விதைத்த இருபது இருபத்தைந்து நாளில் பறிப்புக்கு வந்துவிடும். ஆகையால் மழை விட்டு மூன்று நாலு வாரத்தில் மறுபடியும் கட்டுக்கட்டாக வரும். விலையும் தானே இறங்கும். அதுவரையில் ஒரு கட்டுக்கு ஐந்து ரூபாய் அதிகம் என்றால், அழுகிப்போன இரண்டு பாத்திக்கு நாமும் கொஞ்சம் பங்கு கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய கடையில் விலைச்சீட்டைப் பார்த்துப் பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறோம். வாசலில் கூடையோடு நிற்கிறவளிடம் மட்டும் நம் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டவேண்டுமா, என்ன?

இன்று காலையும் அவள் வந்திருந்தாள். பாத்திகளைக் கொத்திவிட்டு மறுபடி விதைத்திருக்கிறாளாம். "இனிமே ஒரு பத்து நாளைக்கு அடிச்சுப் பெய்யாம, பூத்தூத்தலா வந்தாப் போதும்மா" என்றாள். வீட்டுக்குள் போய்ச் சில்லறை எடுத்துக்கொண்டு வருவதற்குள் தூறல் ஆரம்பித்துவிட்டது. கொடியிலே இரண்டு புடவையும் ஒரு வேஷ்டியும் கிடந்தன. ஓடிப்போய் அவற்றை அள்ளிக்கொண்டு வந்தேன்.

வாய் வரையில் வந்த வார்த்தையை மட்டும் விழுங்கிவிட்டேன்.